ஞானஸ்நானமும் அன்றாட வாழ்வும்

ஒரு குழந்தையின் தலையில் மும்முறை நீர் வார்த்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் அதற்கு ஞானஸ்நானம் அளிக்கச் சில நிமிஷங்களே போதும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அது நிகழும், மீண்டும் அளிக்கப்படுவதில்லை. ஆயினும் அந்தச் சில நிமிஷங்களில் நிகழ்ந்தது அக்குழந்தையை ஆயுள் முழுவதும் பின்தொடர்ந்து செல்கிறது. அதனை எப்பெயரால் அழைப்பது, யார் யார் அதற்கு உறவு, யாரோடு அமர்ந்து உண்பது, மாண்டபின் எந்த மண்ணில் துயில்வது என்னும் கேள்விகளுக்கெல்லாம் அந்த நீர் ஏதோ ஒரு விடையைத் தந்துவிடுகிறது. அவ்விடை வரலாற்றில் எவ்வாறு அமைந்தது என்பதைக் கேரளத்தின் எல்லையோரத்தில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வாழ்வை முன்வைத்து இன்று நாம் சிந்திப்போம்.

பாலக்காட்டு மாவட்டத்தின் கீழ்த்திசையில், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களில் தமிழ் வழங்குகிறது. இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழே பெருவழக்கு. ஆனால் இவ்விரு மக்களும் வந்த வழி வேறு. முன்னவர் சமவெளியின் தொடர்ச்சியாகவே பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி வாழ்ந்தவர்கள். அவர்களுள் கத்தோலிக்கர் பலர் நெடுங்காலம் கோவை மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தனர். 2013 டிசம்பர் 28-ஆம் நாள் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தபொழுதுதான் அத்தொடர்பு பிரிந்தது. பின்னவரோ மலையேறி வந்தவர்கள். 1877-இல் பூஞ்சாற்று மன்னரிடமிருந்து ஜான் தானியேல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். அதன்பின் அங்கே தோட்டங்கள் எழுந்தன. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து, போடிநாயக்கனூர் வழியாக மலைமேல் அழைத்துச் சென்றனர். அவ்வாறு சென்றோருள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். 1898-இல் கர்மேல் சபைத் துறவிகள் மூணாற்றில் கத்தோலிக்கக் கோயிலொன்றை நிறுவினர். ஆங்கிலத் திருச்சபையின் கிறிஸ்து நாதர் ஆலயம் 1911-இல் வழிபாட்டுக்கு வந்தது. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, 1894 டிசம்பரில், வாந்திபேதியால் மாண்ட ஓர் இளம் ஆங்கில மாதின் உடல் அக்குன்றில் புதைக்கப்பட்டிருந்தது. அங்கே முதலிற் கல்லறையும் பின்னரே ஆலயமும் தோன்றின.

இவ்விரு பகுதிகளிலும் ஞானஸ்நானத்தின் பொருளை மூன்று வழிகளில் காணலாம். ஒன்று பெயர், மற்றொன்று உறவு, மூன்றாவது ஏடு. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பெயரை முதலில் எடுத்துக்கொள்வோம். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்னும் பெயர் பூண்டு, தமிழ்ச் சமூகத்தின் நடையுடை பாவனைகளைக் கைக்கொண்டு வாழ்ந்தார். ஞானஸ்நானம் பெற்ற ஒருவன் தன் குடுமியையும் பூணூலையும் களைந்தெறிய வேண்டுமோ என்பது அன்று எழுந்த பெருங்கேள்வி. வேண்டுவதில்லை என்று நோபிலி வாதாடினார். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவர் பக்கமே தீர்ப்பளித்தார். நீர் மனிதனை மாற்றும். அவனுடைய நாட்டை மாற்றுவதில்லை என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள் எனலாம்.

எனினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தெ தூர்னோன் 1704-இல் பதினாறு விதிகள் அடங்கிய ஆணையொன்றைப் பிறப்பித்தார். குரு தம் உமிழ்நீரால் குழந்தையின் செவியையும் மூக்கையும் தொடும் சடங்கு அன்று உரோமை முறையில் இருந்தது. எச்சிலைத் தீட்டெனக் கருதும் நாட்டில் மக்கள் அருவருப்பர் என்றெண்ணி, மதுரை மிஷன் குருமார் அதனை விட்டுவிட்டனர். அவ்வாறு விடுதல் கூடாது என்றார் தூர்னோன். ஞானஸ்நானத்தில் இடும் பெயர் உரோமைத் திருச்சபையின் புனிதர் அட்டவணையில் உள்ள பெயராகவே இருத்தல் வேண்டும் என்பதும் அவ்வாணையின் ஒரு விதி. நாற்பது ஆண்டுகள் நீடித்த இவ்விவாதத்துக்கு 1744-இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தம் சாசனத்தால் முடிவு கட்டினார். ஆணையின் பெரும்பகுதி நிலைபெற்றது.

இக்கட்டளைக்குத் தமிழ் மக்கள் அளித்த விடை நயமானது. புனிதரின் பெயரையே இட்டனர். ஆனால் அதனைத் தமிழாக்கி இட்டனர். யோவான் என்னும் எபிரேயப் பெயர் இறைவன் அருளுடையவன் எனப் பொருள்படும். அவர் அருளப்பர் ஆனார். பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் சிறியவன் என்பது பொருள். அவர் சின்னப்பர் ஆனார். லாசரு என்பதற்கு இறைவன் துணை எனப் பொருள். அது தேவசகாயம் ஆயிற்று. இவ்வாறு உரோமைப் பட்டியலிலுள்ள புனிதர்கள் நம் ஊர்த் திண்ணையில் கூப்பிடத்தக்க பெயர்களோடு உலவலாயினர். பின்னாளில் திருச்சபையும் இவ்விஷயத்தில் இளகியது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், இடும் பெயர் கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமாகாதிருந்தால் போதும் என்கிறது.

பெயரென்பது அன்றாடம் நூறு முறை ஒலிப்பது. தேயிலைத் தோட்டத்தில் வைகறையில் பேர் கூப்பிடும் களத்தில் ஒலிப்பது. அடுப்படியிலிருந்து தாய் அழைக்கையில் ஒலிப்பது. அருளப்பா என்று ஒருவனை யாரேனும் அழைக்குந்தோறும், அவனறியாமலே அவனுடைய ஞானஸ்நானம் நினைவூட்டப்படுகிறது. பெயர் சூட்டியவர்கள் கருதியது இதுவே.

இனி உறவைக் காண்போம். ஞானஸ்நானத் தொட்டியின் அருகே குழந்தையைக் கையில் ஏந்தி நிற்போர் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் ஆவர். இவ்வுறவை ஓர் உபசாரமாகத் திருச்சபை கருதவில்லை. ஞானஸ்நானத்தால் உண்டான உறவினர் தமக்குள் மணம் புரியலாகாது என்று பல நூற்றாண்டுகள் தடை விதித்திருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டமே அத்தடையை விட்டது. இரத்த உறவுக்கு நிகராக நீரின் உறவையும் மதித்தனர் என்பது இதனால் விளங்கும். சொந்த ஊரையும் சுற்றத்தையும் விட்டு மலையேறிய தோட்டத் தொழிலாளிக்கு இது எத்துணைப் பெரிய ஆறுதல்! ஒரே லயத்தில் பக்கத்து அறையில் வாழ்பவர் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்றால், அன்று முதல் இரு குடும்பமும் ஒரு குடும்பம். நோயிலும் சாவிலும் முதலில் வந்து நிற்பவர் அவரே.

ஆயினும் நீரின் உறவு எதுவரை செல்லும் என்னும் கேள்வியும் உடனெழுந்தது. இதற்கு விடை காண, மலைநாட்டுத் தமிழரிற் பலருக்குப் பூர்விகமான திருநெல்வேலிச் சீமைக்கு நாம் சற்றே இறங்கிச் செல்லவேண்டும்.

அங்கே வடக்கன்குளம் என்னும் ஊர் உளது. 1745-இல் திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாயிருந்த நீலகண்ட பிள்ளை அவ்வூர் வந்து, இயேசு சபைக் குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பெயரோடு அவருடைய பழக்கமும் மாறியது. தாழ்ந்தோர் எனத் தள்ளப்பட்டவர்களோடு வேற்றுமையின்றிப் பழகினார், உடனமர்ந்து உண்டார். அதன் விளைவாகச் சிறையும் சித்திரவதையும் அடைந்து, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஞானஸ்நானம் பந்தியில் வெளிப்படவேண்டும் என்று கொண்டவர் அவர்.

அதே வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெரிய கோயிலுக்குப் பீடம் ஒன்று; கூடம் இரண்டு. வேளாளர் ஒருபுறமும் நாடார் மறுபுறமும் அமர்ந்து, ஒருவரையொருவர் காணாதபடி இடையே சுவரொன்று நின்றது. ஒரே நீரில் நனைந்தவர்களை அச்சுவர் பிரித்தது. 1910-இல் அது இடிக்கப்பட்டது. உடனே வழக்குப் பிறந்தது. பிரிவினை தங்கள் உரிமை என வேளாளர் தரப்பினர் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றனர். 1917-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாகவில்லை. தேவசகாயம் நனைந்த ஊரிலேயே இச்சுவர் எழுந்தது என்பதை எண்ணும்போது, ஞானஸ்நானத்தின் பொருளைத் தலைமுறைதோறும் புதிதாகவே கற்கவேண்டியிருக்கிறது என்பது புலனாகிறது.

சீர்திருத்தச் சபைகளும் இவ்விடர்ப்பாட்டுக்கு விலக்கல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, மறு ஆண்டு மே மாதம் ஐவருக்கு முதன்முதல் ஞானஸ்நானம் அளித்தார். அவ்வைவரும் தானிய நாட்டினர் வீடுகளில் அடிமை வேலை செய்தவர்கள். அடித்தட்டில் தொடங்கிய அச்சபையிலும் சாதி அமரும் இடத்தைப் பிற்காலத்தில் பிடித்துக்கொண்டது.

கோவைச் சீமையிலும் இக்கேள்வி ஓர் ஆயரின் உள்ளத்தை வாட்டியது. 1842-இல் இந்தியா வந்த பிரெஞ்சுக் குரு மரியோன் தெ பிரேசிலாக், கருமத்தம்பட்டியைத் தலைமையிடமாகக் கொண்டு கோவை மிஷனை நடத்தினார். மனமாறியவர்களிடம் எஞ்சி நின்ற சாதி வழக்கங்களை எம்மட்டும் பொறுக்கலாம், நாட்டுக் குருமாரை எத்துணை விரைவில் உயர்த்தலாம் என்னும் விவாதங்களில் அவர் மனச்சாட்சி அமைதி காணவில்லை. 1850-களின் நடுவில் பதவியைத் துறந்தார். 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையை நிறுவி, 1859-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் காய்ச்சலால் இறந்தார். தாம் அளிக்கும் நீரின் பொருள் தமக்கே தெளிவாயிருக்கவேண்டும் என விரும்பிய ஒருவரின் வரலாறு இது.

மூன்றாவது, ஏடு. ஞானஸ்நானம் முடிந்ததும் குரு ஒரு தடித்த புத்தகத்தை விரித்துக் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், நாள் ஆகியவற்றைப் பதிகிறார். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் ஞானப் பெற்றோர் பெயரைப் பங்குக் குரு புத்தகத்தில் எழுதவேண்டும் என்றது; மண உறவில் குழப்பம் நேராதிருக்கவே அவ்விதி. திருநெல்வேலிச் சபையின் 1780-ஆம் ஆண்டு ஏட்டில் இருந்தவை நாற்பது பெயர்களே. பின்னர்ப் பெருகிய அச்சபைக்கு அந்த நாற்பது வரிகளே அடிக்கல்.

பிறப்பைச் சர்க்கார் ஒழுங்காகப் பதியாத காலத்தில், ஏழை ஒருவன் இவ்வுலகில் பிறந்தான் என்பதற்குப் பல வேளைகளில் இவ்வேடே சாட்சி. பாடசாலையில் சேர்க்க வயதைக் காட்டியது அது. மணம் பேசுகையில் நிலையைக் காட்டியது அது. கல்லறைத் தோட்டத்தில் இடம் வாங்கித் தந்ததும் அதுவே. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டு, தேவிகுளமும் சித்தூரும் கேரளத்தில் நிலைபெற்றன. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்தாலும் ஏட்டிலுள்ள வரி மாறவில்லை.

ஆனால் அந்த வரி சுமையாகவும் மாறிற்று. தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்குச் சலுகை வகுத்த 1936-ஆம் ஆண்டு ஆணையே இந்தியக் கிறிஸ்தவர்களை விலக்கியிருந்தது. குடியரசான பின் 1950 ஆகஸ்டு 10-இல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தினரல்லாதார் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் அக்கதவு திறந்தது, கிறிஸ்தவர்களுக்குத் திறக்கவில்லை. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை என்பார் தமக்கு மறுக்கப்பட்ட உதவிக்காக உச்சநீதிமன்றம் சென்றார். 1985-இல் அவர் மனு தள்ளுபடியாயிற்று. மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்றது நீதிமன்றம். கேரள அரசு தன் அளவில் சிறிது ஈடு செய்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து கிறிஸ்தவரானோருக்கென 1980-இல் கோட்டயத்தில் ஒரு வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது.

இரு தரப்பு வாதங்களையும் நாம் நேர்மையாக எடைபோட வேண்டும். கிறிஸ்தவ வேதம் சாதியை ஏற்பதில்லையாதலின், ஞானஸ்நானம் பெற்றவர் சாதியின் பெயரால் சலுகை கோருதல் முரண் என்பர் ஒரு சாரார். வேதம் ஏற்காவிடினும் ஊர் ஏற்றுக்கொண்டே இருக்கிறது, வடக்கன்குளத்துச் சுவரே அதற்குச் சாட்சி என்பர் மறுசாரார். இவ்விஷயத்தை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022-இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இவ்வாதத்தின் நடுவே சிக்கியவர்கள் ஏழைகள். வீட்டிலும் கோயிலிலும் ஒரு பெயர், பள்ளியிலும் அலுவலகத்திலும் வேறொரு பெயர் என இரு பெயர் தாங்கி வாழும் நிலை தமிழகத்திலும் கேரளத்திலும் பல குடும்பங்களுக்கு நேர்ந்தது. பெயரே ஞானஸ்நானத்தின் முதற் கொடை என்று கண்டோம். அப்பெயரை ஒளித்துவைத்தாலன்றிப் பிள்ளைக்குக் கல்வியுதவி இல்லை என்னும்போது, பெற்றோரின் உள்ளம் படும் பாடு சிறிதன்று.

நம் எல்லைப் பகுதியிலேயே இது அண்மையில் பெரிய வழக்காயிற்று. தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி அட்டவணைச் சாதியினர்க்கென ஒதுக்கப்பட்டது. 2021-இல் அங்கே வென்ற ஏ. ராஜா கிறிஸ்தவர் என்று தேர்தல் வழக்குத் தொடரப்பட்டது. தோட்டப்பகுதிக் கோயிலொன்றின் பதிவேடுகள் நீதிமன்றத்தில் சான்றாக விரிக்கப்பட்டன. 2023 மார்ச் 20-இல் கேரள உயர்நீதிமன்றம் அவர் தேர்தல் செல்லாதென்றது. 2025 மே 6-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கித் தேர்தல் செல்லும் என்றது. இதற்கிடையே, 2024 நவம்பரில், புதுவை மாநிலப் பெண்ணொருவரின் வழக்கில், கிறிஸ்தவ நெறியில் ஒழுகிக்கொண்டே சலுகைக்காக மட்டும் இந்து என்று கூறுதல் அரசியற் சட்டத்தை வஞ்சிப்பதாகும் என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மணஉறவைக் காக்க எழுந்த ஏடு, நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் சட்டமன்ற நாற்காலியையே தீர்மானிக்கும் சாட்சியாகக் கூண்டேறியது.

அப்படியாயின் ஞானஸ்நானத்தின் பொருள் ஏட்டு வரியில் அடங்கிவிடுமோ? திருச்சபையின் பழைய போதனை அவ்வாறு கூறவில்லை. 1529-இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய ஞானோபதேசங்கள், பழைய மனிதன் நாள்தோறும் நீரில் மூழ்கி மடிய, புதிய மனிதன் நாள்தோறும் எழவேண்டும் என்னும் கருத்தை விளக்குகின்றன. கத்தோலிக்கர் கோயில் வாயிலில் தீர்த்தத்தைத் தொட்டுச் சிலுவை வரைவதும் முதல் நீரை நினைவுகூர்தலே. உயிர்த்த ஞாயிற்றின் முன்னிரவில் ஞானஸ்நான வாக்குகளை ஆண்டுதோறும் புதுப்பிப்பதும் அதன்பொருட்டே. ஒருமுறை பெற்றதை ஒவ்வொரு நாளும் வாழவேண்டும் என்பது இவையனைத்துக்கும் பொது.

இதனால் நாம் அறிவது யாது? பெயரும் உறவும் ஏடும் ஞானஸ்நானம் விட்டுச்செல்லும் மூன்று அடையாளங்கள். இவற்றுள் ஏடு காட்டுவது ஒரு நாளை மட்டுமே. எஞ்சிய நாட்களின் சாட்சியம் பந்தியிலும் பக்கத்து வீட்டிலும் கல்லறைத் தோட்டத்தின் வேலியிலும் கிடக்கிறது. ஒரே நீரில் நனைந்தவனை உடன்பிறந்தானாக ஏற்கச் சபை தயங்கும்வரை, அவன் இழந்த சலுகையைக் குறித்து அரசை மட்டும் கேள்வி கேட்பது அரைகுறை நியாயமே. அவன் இன்னும் இழிவுறுகிறான் என்பதைக் கண்ணாரக் கண்டபின்னும், ஏட்டு வரியைக் காட்டி அரசு கதவை அடைப்பதும் முழு நியாயமன்று.

மலைமேல் ஒரு லயத்தின் வாயிலில் நின்று தாய் தன் பிள்ளையைக் கூப்பிடுகிறாள். கோயிலில் இட்ட பெயரையே, எவர் செவியில் விழுமோ என்னும் அச்சமின்றி, அவள் உரக்கச் சொல்லக்கூடிய நாளில், அந்த நீரின் பொருள் அவளுடைய அன்றாட வாழ்வில் நிறைவேறிற்று என்று நாம் கொள்ளலாம்.